வெங்காயம் போடாத ஆறு நாள்

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்தில் எங்கள் கதவுக்கு நேரெதிரே நாகேஸ்வரியின் கதவு. நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கக்காரி, பெயர் மேபல். அவள் யாழ்ப்பாணத்துச் சைவக்காரி. இரண்டு கதவுகளுக்கும் நடுவே நான்கு எட்டு வைக்க இடமில்லை, ஆனால் என் வீட்டுச் சமையல் வாசனையும் அவள் வீட்டுச் சமையல் வாசனையும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. என் வீட்டில் எதைச் சமைத்தாலும் முதலில் வெங்காயம் வதங்க வேண்டும். அவள் வீட்டில் செவ்வாய், வெள்ளி, கார்த்திகை, சஷ்டி என்று காலண்டரைப் பார்த்துத்தான் வெங்காயம் உள்ளே வரும். சில யாழ்ப்பாணத்து வீடுகளில் விரதச் சமையலுக்கும் வெங்காயம் போடுவார்கள் என்று கேள்வி. அதை நாகேஸ்வரியிடம் சொல்லிப் பாருங்கள், காது கிழிய வாங்கிக் கட்டிக்கொண்டு வருவீர்கள்.

அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். இளம் வயதில் புறக்கோட்டையில் ஓர் இறக்குமதிக் கம்பனியில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தவள். அந்தக் காலத்து லைன்களில் கத்தினால்தான் எதிர்ப்பக்கம் கேட்கும். கம்பனியை மூடி எத்தனையோ வருடமாகியும் அவள் சத்தத்தைக் குறைக்கவில்லை. மாடிப்படியில் யார் குப்பைப் பையை வைத்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும், அடுத்த நிமிடம் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிடும். பிள்ளைகள் இல்லை. கணவர் ஸ்ரீஸ்கந்தராசா ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர். அவள் பத்து வார்த்தை சொன்னால் அவர் ஒன்று சொல்வார், அதுவும் பெரும்பாலும் "ஓம்" என்றுதான் இருக்கும். பின்னேரம் ஆனதும் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போய், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள கல்லொன்றில் இருந்து கல்கிசைப் பக்கம் போகும் ரயில்களைப் பார்த்துவிட்டு இருட்ட முன்னர் வருவார். அவர் தனக்கென்று வைத்திருந்த ஒரே ஆசை அதுதான்.

அந்த மனிதருக்குத்தான் இரண்டு சிறுநீரகமும் பழுதாகிப் போயின. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வருடக்கணக்காக உள்ளே இருந்து தின்றிருக்கிறது, எவருக்கும் தெரியவில்லை. கிழமைக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். மற்ற நாட்களில் சாப்பாடுதான் மருந்து என்றும் சொன்னார்கள். சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய உப்பும் பொட்டாசியமும் உடம்பிலேயே தங்கிவிடும், பொட்டாசியம் கூடினால் இதயம் நின்றுவிடும் என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னதை நான்தான் நாகேஸ்வரிக்கு அருகில் நின்று தமிழில் சொன்னேன். அவளுக்கும் சிங்களம் தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் காதில் எந்தப் பாஷையும் ஏறவில்லை.

அதன் பிறகு அவள் படித்த படிப்பு இருக்கிறதே, அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் சாப்பாடு பற்றிச் சொல்லிக்கொடுக்க ஷிம்னா என்று ஓர் இளம் பெண் இருந்தாள். பொறுமையான பிள்ளை. அவளைப் பிடித்து உலுப்பி எடுத்துவிட்டாள் நாகேஸ்வரி. வாழைப்பழம் கூடாது, புளி கூடாது, கீரை கூடாது, தேங்காய்ப்பால் மட்டோடு, தெம்பிலி என்று நாங்கள் சொல்லும் செவ்விளநீர் வாயிலும் வைக்கக் கூடாது. எந்தக் காய்கறியையும் சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டுத்தான் கறி வைக்க வேண்டும். கெட்டது தண்ணீரோடு போய்விடும். நாகேஸ்வரி மனதில் அந்த ஒரு விதி ஆணி அடித்ததுபோல் இறங்கிவிட்டது. அவித்து வடித்தால் சரி.

காலையில் அவள் அடுப்பங்கரையில் பூசணிக்காய் அவிந்து வடிந்துகொண்டிருக்கும், பயற்றங்காய் அவிந்து வடிந்துகொண்டிருக்கும். வடித்த பிறகு அவற்றில் ஒன்றுமே இருக்காது. புளி இல்லை, உப்பு இல்லை. மிஞ்சியது வெங்காயம் ஒன்றுதான். பம்பாய் வெங்காயத்தை நறுக்கி, அவித்து, வடித்து, ஒரு துளி எண்ணெயில் வதக்கிப் போட்டால் கறிக்குக் கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் வாசமும் வரும். ஷிம்னாவும் வெங்காயம் பரவாயில்லை என்றுதான் சொல்லியிருந்தாள். ஸ்ரீ அண்ணன் சோற்றைக் கிளறிக் கிளறி அந்த வெங்காயத்தைத் தேடித் தின்பார். நான் ஒருநாள் பார்த்துவிட்டுச் சிரித்தேன்.

"சிரியாதேங்கோ மேபல். என்ர சாப்பாட்டுக் கோப்பையில உயிரோட இருக்கிற ஒரே சாமான் இதுதான்" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது குறைவு.

இப்படி ஒரு வருடம் போனது. ஐப்பசி வந்தது, கந்தசஷ்டி வந்தது. நாகேஸ்வரி வருடா வருடம் ஆறு நாளும் விரதம் இருப்பவள். பகல் முழுக்கத் தண்ணீர், இரவில் கொஞ்சம் பாலும் பழமும், சூரன்போர் முடிந்து மறுநாள்தான் சோறு. அந்த வருடம் அவள் அதைக் கணவரின் சிறுநீரகத்துக்காக நேர்ந்துகொண்டாள். நேர்த்தி என்றால் அவளுக்குப் பாதி என்பது கிடையாது. வீட்டில் இருந்த வெங்காயம், உள்ளிப்பூடு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு என் கையில் தந்துவிட்டாள்.

"ஆறு நாளைக்கு இது என்ர வாசல்படி தாண்டக் கூடாது மேபல்."

"அண்ணனுக்கு எப்பிடிச் சமைப்பீங்க? அவர் விரதமில்லையே."

"ஒரு வீட்டில ரெண்டு அடுப்போ வைக்கேலும்? ஆருக்காக நான் பட்டினி கிடக்கிறன்? அவருக்காகத்தானே. ஆறு நாளைக்கு நாக்கை அடக்கட்டும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. நோயாளி மனிதன் வாயிலிருந்து கடைசி ருசியையும் பிடுங்கி எந்தச் சாமிக்குக் கொடுக்கிறாய் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நாங்களும் தவக்காலத்தில் இறைச்சியை விட்டுவிட்டுப் பெருமை பேசுகிறவர்கள்தானே. பையை வாங்கிக்கொண்டேன்.

முதல் நாள் மத்தியானம் ஸ்ரீ அண்ணன் என் கதவைத் தட்டினார். நான் மாசிக் கருவாட்டுச் சம்பலுக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன், அந்த வாசனைதான் அவரை இழுத்து வந்திருக்க வேண்டும். உள்ளே வரச் சொன்னேன். நாகேஸ்வரிதான் கோயிலுக்குப் போய்விட்டாளே, மாசி போட முன்னம் ஒரு கரண்டி வெங்காயத்தை எடுத்துத் தருகிறேன், யாருக்குத் தெரியப் போகிறது என்றேன். அவர் அடுப்பைப் பார்த்தார், பிறகு தலையை ஆட்டினார்.

"வேண்டாம் மேபல். அவ எனக்காகக் கிடக்கிறா. நான் களவாத் திண்டா அவவின்ர விரதம் பிழைச்சுப் போயிடும். மணத்தை மட்டும் கொஞ்சம் பிடிச்சிட்டுப் போறன்."

சொன்னபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அவர் போன பிறகு எனக்குச் சம்பல் இறங்கவில்லை.

அன்று அவர் சாப்பிடவேயில்லை என்று நாகேஸ்வரி இரவில் வந்து அழுதாள். சாப்பிடாமல் இருந்தால் அதுவும் ஆபத்து. வெங்காயம் இல்லாமல் குழம்பு தண்ணீராக ஓடுகிறது, புளியும் விட முடியாது, பாலும் விட முடியாது, என்னதான் செய்வது? அப்போதுதான் அவளுக்கு ஆரணியின் டின்கள் ஞாபகம் வந்தன.

ஆரணி அவளுடைய தங்கை மகள், லண்டனில் இருப்பவள். ஆவணியில் லீவுக்கு வந்து ஒரு மாதம் அவர்கள் வீட்டில்தான் தங்கினாள். அந்தப் பிள்ளைக்கு எங்கள் சோறும் கறியும் இரண்டு நாளைக்குமேல் ஒத்துவரவில்லை. காலி வீதியில் இருக்கும் பெரிய கடைக்குப் போய் அடுக்கடுக்காக டின் தக்காளி வாங்கி வந்து பாஸ்டா சமைத்தாள். பச்சைத் தக்காளியைவிட டின் தக்காளியில்தான் சத்து அதிகம், அவித்த தக்காளியின் சிவப்பு இதயத்துக்கு நல்லது என்று பெரியம்மாவுக்கு வகுப்பும் எடுத்தாள். போகும்போது மிச்ச டின்களை அலுமாரித் தட்டில் விட்டுவிட்டுப் போனாள். டின்னில் உப்புச் சேர்க்கவில்லை என்று வேறு எழுதியிருந்தது.

நாகேஸ்வரி யோசித்ததை நான் இன்றைக்கும் பிழை சொல்ல மாட்டேன். பச்சைத் தக்காளி கூடாது என்று ஷிம்னா சொன்னது அவளுக்கு நன்றாக ஞாபகம். ஆனால் டின் தக்காளி பச்சைத் தக்காளி இல்லையே. பக்டரியில் தோலை உரித்து, அவித்து, அதற்குப் பிறகுதானே அடைக்கிறார்கள். அவள் வீட்டில் வெங்காயத்தை அவிக்கிறாள், அவர்கள் அங்கே தக்காளியை அவித்திருக்கிறார்கள். இரண்டும் அவித்த சாமான். உப்பும் இல்லை. இதயத்துக்கும் நல்லதாம். முருகனே தட்டில் கொண்டுவந்து வைத்ததுபோல் அவளுக்கு இருந்திருக்கும். வடிக்க வேண்டும் என்பது மட்டும் அவளுக்கு அந்த நேரம் தோன்றவில்லை. டின்னுக்குள் இருந்தது அவள் கண்ணுக்குத் தண்ணீராகத் தெரியவில்லை. சிவப்பாக, கெட்டியாக, நல்ல குழம்பாகவே தெரிந்தது.

இரண்டாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு டின். சாறோடு கொட்டி, வற்ற வைத்து, அதற்குள் அவித்து வடித்த மரக்கறியைப் போட்டுச் சமைத்தாள். ஸ்ரீ அண்ணன் சாப்பிட்டார். ஒரு வருடத்துக்குப் பிறகு புளிப்பும் இனிப்பும் நாக்கில் பட்டால் யார்தான் சாப்பிட மாட்டார்கள்? இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், இரவிலும் அதையே கேட்டார். நாகேஸ்வரி பட்டினி வயிற்றோடு நின்று பரிமாறிவிட்டு என்னிடம் ஓடி வந்து சொன்னாள்.

"பார்த்தீங்களே மேபல்? முருகன் அவருக்குப் பசியைக் குடுத்திட்டார். இனி எல்லாம் சரியா வரும்."

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

சூரன்போர் அன்று பின்னேரம் அவள் கோயிலில் இருந்தாள். அவர்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது, நான் எட்டிப் பார்த்தபோது ஸ்ரீ அண்ணன் கதிரையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். காலைத் தூக்க முடியவில்லை என்றார், வாயைச் சுற்றி மரத்துப் போகிறது என்றார். நான் போட்ட சத்தத்தில் என் கணவர் ஹியூபேட் சாரத்தோடு ஓடி வந்து காரை எடுத்தார். காலி வீதி நெரிசலில் ஹோனை அடித்து அடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். நல்லவேளை, நேரத்தோடு போனோம். பொட்டாசியம் ஏறிப் போய் இதயத் துடிப்பு இறங்கத் தொடங்கியிருந்ததாம். ஊசி போட்டு, உடனே மெஷினில் போட்டார்கள். நாகேஸ்வரி கோயிலிலிருந்து நேரே வந்தாள். நெற்றி நிறைய விபூதி, கையில் அர்ச்சனைத் தட்டு. அந்தத் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் வார்ட்டு வாசலில் பிடித்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் காலை அவர் கண் விழித்துக் கதைக்கிற நிலைக்கு வந்துவிட்டார். நாகேஸ்வரி அவருக்கு உடுப்பு எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள், நான் பக்கத்தில் இருந்தேன். ஷிம்னா வந்து கட்டில் ஓரத்தில் நின்றாள்.

"அங்கிள், என்ன சாப்பிட்டீங்க? மறைக்காமச் சொல்லுங்க."

அவர் சொன்னார். விரதம், வெங்காயம் இல்லாதது, ஆரணியின் டின்கள், எல்லாவற்றையும் சொன்னார். ஷிம்னா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"அவிச்ச வெங்காயத்தையும் டின் தக்காளியையும் ஒரே அளவு எடுத்துப் பார்த்தா, பொட்டாசியத்தில பெரிய வித்தியாசம் போலத் தெரியாது அங்கிள். ஆனா வெங்காயம் நீங்க சாப்பிடுறது ஒரு பிடி, அதுவும் அவிச்ச தண்ணியை வடிச்சு ஊத்தினது. டின்ல தக்காளியில இருந்து இறங்கின எல்லாம் அந்தச் சாறுக்குள்ளேயே நிக்குது. அதையும் சேர்த்து வத்த வச்சு, ஒரு முழு டின்னை ஒரு நாளைக்குள்ள சாப்பிட்டிருக்கீங்க. உப்பு இல்லாட்டி என்ன, பொட்டாசியம் அப்பிடியே இருக்கே. அன்ரி வெங்காயமே போட்டிருந்தா இது நடந்திருக்காது."

அவர் வார்ட்டு வாசலைப் பார்த்து, நாகேஸ்வரி இன்னும் வரவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டார். பிறகு, "பிள்ளை, இதை அவவுக்குச் சொல்ல வேண்டாம்" என்றார்.

"சொல்லாம எப்பிடி அங்கிள்? திரும்பவும் செஞ்சா?"

"திரும்பச் செய்யாமல் நான் பார்க்கிறன். மேபல், வீட்டில மிச்சம் கிடக்கிற டின்களை உங்கட நத்தார்ப் பண்டிகைக்கு வேணுமெண்டு கேட்டு எடுத்துப் போடுங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. உயிர் போகும் விஷயத்தில் என்ன நாடகம் என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால் அவள் இரண்டு நாள் அழுவாள், பிறகு தெளிந்துவிடுவாள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"எனக்காக எண்டு பட்டினி கிடந்து, தன்ர கையாலயே எனக்கு இதைத் தந்தனான் எண்டு தெரிஞ்சா அவ முருகனோட கோவிச்சுப் போடுவா. நான் கனகாலம் இருக்க மாட்டன் மேபல், அது உங்களுக்கும் தெரியும். எனக்குப் பிறகு அவவுக்கு ஆர் இருக்கினம்? முருகன் ஒருத்தர்தானே. அவரையும் நான் பறிச்சுக்கொண்டு போகேலுமோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஷிம்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டொக்டர் சுற்றி வரும்போது நாகேஸ்வரி வந்துவிட்டாள். பொட்டாசியம் இவ்வளவு ஏற என்ன சாப்பிட்டார் என்று டொக்டர் அவளிடம் கேட்டார். பாவம், அவள் வாயைத் திறந்து, "நான் எல்லாம் அவிச்சு வடிச்சுத்தான்..." என்று தொடங்க முன்னரே ஸ்ரீ அண்ணன் குறுக்கிட்டார்.

"நான் தெம்பிலி குடிச்சனான் டொக்டர். பின்னேரம் நடக்கப் போகேக்க. ரெண்டு மூண்டு நாள் குடிச்சனான்."

ஒரு கரண்டி வெங்காயத்தைக் களவாகத் தின்ன மறுத்த மனிதர் அவர். பொய்யும் அவருக்கு நன்றாகச் சொல்ல வரவில்லை. ஆனால் அவள் நம்பிவிட்டாள். ஏன் நம்பமாட்டாள்? டொக்டர் போன பிறகு வார்ட்டில் இருந்த அத்தனை நோயாளிகளும் திரும்பிப் பார்க்க அவரைத் திட்டினாள்.

"நான் இஞ்ச தண்ணியோட கிடக்கிறன், நீங்கள் றோட்டில நிண்டு தெம்பிலி உறிஞ்சினீங்களோ? ஆருக்காக இந்த விரதம்? வெக்கமில்லையோ?"

"ஓம், பிழைதான்" என்றார் அவர்.

நான் டின்களைக் கேட்டு வாங்கிவிட்டேன். நாகேஸ்வரி யோசிக்காமல் எடுத்துத் தந்தாள். வெங்காயம் அவர் கோப்பைக்குத் திரும்பி வந்தது. அந்த மட்டில் அவர் உயிர் தப்பியது. ஆனால் அந்தப் பொய்க்கு அவர் கொடுத்த விலையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நாகேஸ்வரி அவரைத் தனியாக வெளியே விடுவதை நிறுத்திவிட்டாள். கடற்கரைப் பக்கம்தானே தெம்பிலிக்காரர்கள் நிற்கிறார்கள், அதனால் கடற்கரை கிடையாது. கூடப் போகலாம் என்றால் அவளுக்கு முழங்கால் வருத்தம், தண்டவாளம் கடக்க மாட்டாள். என் கணவர் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கேட்டபோது, ஆம்பிளையள் இரண்டுபேரும் சேர்ந்து குடிக்கிறதுக்கோ என்று அவரையும் வாரிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்வரும்போது ஓட்டோவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வருவாள். யார் வீட்டுக்கு வந்தாலும், "இவர் எனக்குத் தெரியாமல் தெம்பிலி குடிச்சவர்" என்று சொல்லாமல் விடமாட்டாள். அவர் பக்கத்தில் இருந்து லேசாகச் சிரிப்பார். பின்னேரத்தில் பல்கனியில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். அந்தப் பல்கனியிலிருந்து கடல் தெரியாது, எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தாங்கிதான் தெரியும். ரயில் போகும் சத்தம் மட்டும் கேட்கும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், சொல்லிவிடட்டுமா என்று அவரிடம் கேட்டேன். விரலை உதட்டில் வைத்தார். உள்ளே அவள் முருகன் படத்துக்கு முன்னால் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தாள். கேட்கிறதா என்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு அந்தச் சத்தம் போதுமாக இருந்தது.

அடுத்த வருடம் வைகாசி மழையில், ஒரு மத்தியானம், அந்தப் பல்கனிக் கதிரையிலேயே அவர் போய்விட்டார். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு இதயம் எப்போதும் பலவீனம்தான், இந்தத் தடவை சாப்பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று டொக்டர் சொன்னார். நாகேஸ்வரி அதைக் கேட்கவில்லை. மலர்ச்சாலையில் சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அண்டைக்கே அந்தத் தெம்பிலியைக் குடிச்சுப் போட்டு நெஞ்சைப் பழுதாக்கிப் போட்டியளே! நான் கும்பிட்டுக் கும்பிட்டுக் காப்பாத்தினனே, நீங்கள் உங்கட வாயால கெடுத்திட்டியளே!"

வந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். பெட்டிக்குள் கிடந்த மனிதரைப் பார்க்க எனக்கு முடியவில்லை. கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோன பிறகு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

முப்பத்தொன்றாம் நாள் கிரியையும் முடிந்து ஒரு மாதம் போயிருக்கும். தெஹிவளையிலிருந்து லுத்பியா வந்தாள். அவள் கணவர் புவாதுக்கு அந்த வருடம்தான் டயாலிசிஸ் தொடங்கியது. ஆஸ்பத்திரி வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்து நாகேஸ்வரியும் அவளும் சிநேகமாகியிருந்தார்கள். துக்கம் விசாரிக்க வந்தவளுக்கு நான் தேநீர் ஊற்றினேன். கொஞ்ச நேரம் ஸ்ரீ அண்ணனைப் பற்றிக் கதைத்தோம், பிறகு கதை நோய்க்கு வந்தது, சாப்பாட்டுக்கு வந்தது.

"எங்கட ஊட்டுக்காரர் ஒண்டும் திங்கிறாரில்ல அக்கா" என்றாள் லுத்பியா. "அவிச்சு அவிச்சுக் குடுத்தா, வைக்கோலத் தாறியா எண்டு கோப்பையத் தள்ளுறார். மெலிஞ்சு போய்ட்டார்."

நாகேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் குரலில் பழைய சத்தம் வந்தது. இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்று கிடைத்துவிட்டதில் அவளுக்கே ஓர் உயிர் வந்ததுபோல் இருந்தது.

"டின் தக்காளி வாங்குங்கோ தங்கச்சி. உப்பில்லாதது எண்டு பார்த்து வாங்குங்கோ. அதைச் சாறோட வத்தவிட்டுக் கறி வையுங்கோ. இவர் எப்பிடிச் சாப்பிட்டவர் தெரியுமோ? சஷ்டிக்கு ஒவ்வொரு நாளும் குடுத்தனான், ஒண்டும் செய்யேல்ல. நடுவில போய் அந்தத் தெம்பிலியைக் குடிச்சதுதான் வினையாப் போச்சு."

"உண்மையாவா அக்கா? இண்டைக்கே வாங்கிட்டுப் போறன்" என்று லுத்பியா கைப்பையை எடுத்தாள். அவள் முகத்திலும் அதே வெளிச்சம் வந்தது.

ஸ்ரீ அண்ணன் உதட்டில் விரல் வைத்தது கண்ணுக்குள் வந்தது. ஆனால் தெஹிவளையில் ஒரு மனிதர் இருக்கிறாரே. அவரும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாரே.

"லுத்பியா, இருங்க" என்றேன். "டின் வேணாம். அதுதான் அண்ணனை ஆஸ்பத்திரியில போட்டது. ஷிம்னா என் முன்னாலதான் சொன்னா. அவிச்சு வடிச்ச வெங்காயம் போடுங்க, அதுக்கு ஒண்டும் ஆகாது."

லுத்பியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாகேஸ்வரி என் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

"என்ன சொல்லுறீங்கள் மேபல்?"

நான் சொல்லிவிட்டேன். சாறு, பொட்டாசியம், வடிக்காமல் விட்டது, அவர் எங்களைக் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டது, எல்லாம். அவர் சொன்ன காரணத்தையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். என்னை அறைந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் கத்தவில்லை. டின்னைப் பற்றியும் கேட்கவில்லை, முருகனைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்ப அவர் தெம்பிலி குடிக்கேல்லையோ?" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"இல்ல அக்கா. ஒருநாளும் குடிக்கல்ல."

லுத்பியா என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து, நாகேஸ்வரியின் தோளைத் தொட்டுவிட்டு, சலாம் சொல்லிப் போய்விட்டாள். நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்துவைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து இருந்தேன். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பல்கனிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்த அண்டைக்குக் காலமை அவர் கேட்டவர் மேபல்" என்றாள். "மழை விட்டா ஒருக்காக் கடற்கரைக்குப் போட்டு வரட்டோ எண்டு கேட்டவர். பொய்க்காரரை நான் நம்பமாட்டன் எண்டு சொல்லிப் போட்டன்."